ஷூ தைக்கும் ஊரில் வெறுங்கால் வாசிப்பு: கிதார் மென்பொருளுக்கு எந்த மிடி பெடல்?

"ஆறு பட்டன் வாங்கலாமா, பத்து வாங்கலாமாண்ணே?" என்று வாணியம்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கிதார் இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியாயிற்று, ஆம்ப் ப்ளக்-இன்னும் போட்டாயிற்று. அடுத்து காலுக்கு ஒரு மிடி கன்ட்ரோலர் வேண்டும். வாட்ஸ்அப்பில் பதில் தட்டத் தொடங்கினேன், அது நீண்டுகொண்டே போனது. இங்கேயே எழுதிவிடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டு அறையில் ரெக்கார்டிங் செய்கிற வேறு பலருக்கும் இதே சந்தேகம் இருக்கும்.

தம்பி, பட்டன் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். உங்கள் கால் என்ன வேலை செய்யப்போகிறது, அந்தப் பெட்டி உங்கள் கம்ப்யூட்டரோடு எந்த வழியாகப் பேசும், வெறுங்காலில் மிதித்தால் எப்படி இருக்கும்: இந்த மூன்றும் தெரிந்தால் எத்தனை பட்டன் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் கிதார் வாசிக்கிறவர்கள் மென்பொருளுக்கு வந்ததற்குக் காரணம் ஊரே சொல்லும். ஆம்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை முடிந்து வந்து சாப்பிட்டு கிதாரைக் கையில் எடுக்கும்போது பக்கத்து வீட்டில் தூங்கியிருப்பார்கள். வால்வ் ஆம்ப்பைத் திருகி வாசிக்க வழியே இல்லை. கிதாரை நேராக இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்போனில் வாசித்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. மே மாத வெயிலில் மின்விசிறியையும் அணைக்க வேண்டாம், மைக் வைக்காததால் அதன் சத்தம் பதிவில் ஏறாது. கிதார் ரிக், ஆம்ப்ளிட்யூப், நியூரல் டிஎஸ்பி என்று காசுக்குக் கிடைப்பவை உண்டு. இலவசமாகவே வரும் நியூரல் ஆம்ப் மாடலரின் தரம் இன்று வியக்க வைக்கிறது. ஒலிக்குப் பஞ்சமில்லை. கை இரண்டும் கிதாரில் இருக்கும்போது மவுஸை யார் பிடிப்பது என்பதுதான் சிக்கல்.

மேடையில் வாசிக்கிறவருக்குக் காலின் வேலை வேறு. கிளீன், டிரைவ், சோலோ என்று டோன் மாற்றுவதே அவருக்கு முக்கியம். வீட்டில் வாசிப்பவரும் நீங்கள்தான், ரெக்கார்டிங் இன்ஜினியரும் நீங்கள்தான். ஒரு பாட்டுக்கு நாலு தடவை டோன் மாற்றினால் நாற்பது தடவை ரெக்கார்ட் பட்டனை அழுத்துவீர்கள். தப்பாக வாசித்தால் நிறுத்தி, அதை அழித்து, ரெண்டு பார் பின்னால் போய், மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிக்கை வாயில் கவ்விக்கொண்டு மவுஸுக்கு எட்டினால் பாட்டின் சூடு அங்கேயே ஆறிவிடும். அதனால் வீட்டு ஸ்டூடியோவில் முதல் பட்டன் ரெக்கார்ட், இரண்டாவது பட்டன் கடைசி டேக்கை அழிப்பது. டிரைவும் டிலேயும் அதற்குப் பிறகு. ரெக்கார்டிங் மென்பொருளாக ரீப்பர் வைத்திருந்தால் ஆக்‌ஷன் பட்டியலைத் திறந்து, வேண்டிய செயலைத் தேர்ந்து, பெடலை ஒருமுறை மிதித்தால் போதும், அந்த மிடி செய்தியோடு அந்தச் செயல் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு மூன்றாவது பட்டன் சுருதி. ராணிப்பேட்டையில் வளர்ந்து, சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்பு படித்து, பிறகு பாஸ்டன் பெர்க்லியில் இசை படித்த கிதார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய பேர் இருக்கிறோம். கமகத்துக்கு இடது கை தந்தியை விட்டு நகரவே கூடாது. தம்புரா லூப் ஒன்றை ஒரு டிராக்கில் போட்டு அதன் மியூட்டைக் காலுக்குக் கொடுத்துவிட்டால் ஆலாபனை தொடங்கும்போது சுருதி வரும், ரிஃப் வாசிக்கும்போது போய்விடும். இதற்கென்று யாரும் பெடல் செய்து விற்பதில்லை. மிடியாக இருப்பதால் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

ஒன்றும் வாங்குவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆம்பூரிலும் வேலூரிலும் சர்ச் பாடகர் குழுவில் இருக்கிற வீடுகளில் ஒரு கீபோர்டும் அதோடு ஒரு சஸ்டெய்ன் பெடலும் பெரும்பாலும் இருக்கும். கீபோர்டை யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு இணைத்து அந்தப் பெடலை மிதியுங்கள். 64 என்ற எண்ணுள்ள கன்ட்ரோல் சேஞ்ச் செய்தி போகும். மிதித்தால் 127, விட்டால் 0. கிதார் மென்பொருளுக்கு அது பியானோ பெடலா கிதார் பெடலா என்று தெரியாது, எண் வந்தால் போதும். அதை ரெக்கார்டுக்கோ ஓவர்டிரைவுக்கோ கட்டிவிட்டுக் கொஞ்ச நாள் வாசித்துப் பாருங்கள். உங்கள் கால் அடுத்து எதைத் தேடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் தேடலைக் குறித்துவைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் தேவையில்லாத பெட்டியை வாங்க மாட்டார்.

யூடியூபில் பெடல் விமர்சனம் செய்கிற யாரும் சொல்லாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஷூ போட்டு வாசிக்கிறார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர் நம்முடையது, ஆனால் வீட்டுக்குள் நாம் வெறுங்கால்தான். கிதார் பெடல்களில் இருக்கும் உலோகக் குமிழ் ஸ்விட்ச் தடித்த ஷூவின் அடிப்பாகத்துக்காக அமைந்தது. அதன் ஸ்பிரிங் கெட்டியானது, தலை சிறியது. வெறுங்கால் பெருவிரலால் ஒரு மணி நேரம் அதை மிதித்தால் விரலின் அடியில் வலி பிடிக்கும். அதே கெட்டி ஸ்விட்ச்சை வலிக்குப் பயந்து மெல்ல மிதித்தால் சில சமயம் பதியாது. இன்னொரு பக்கம், வெறுங்காலுக்கு ஷூவில் இல்லாத ஒரு திறமை இருக்கிறது: பார்க்காமலே தொட்டு இடம் கண்டுபிடிக்கும்.

என் சித்தி ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். போஸ்ட் பெட் மெஷினில் அவர் தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருவார். நேர்க்கோட்டில் பெடலை முழுசாக அழுத்துவார், மெஷின் இரையும். முன்பக்க வளைவு வந்ததும் பாதம் கால் அங்குலம் எழும், ஊசி ஒவ்வொரு தையலாக எண்ணி இறங்கும். மூலையில் நின்று, குதிகாலைப் பின்னால் அழுத்தினால் நூல் வெட்டப்பட்டு, அழுத்துப்பாதம் தூக்கிக்கொள்ளும். இவ்வளவும் ஒரே பெடலில். கண் ஒருதடவைகூடக் கீழே போகாது. "கண்ணு ஊசி மேல இருக்கணும், காலு தானா போவும்டா" என்பார். எக்ஸ்பிரஷன் பெடலில் வா-வாவோ வால்யூம் ஸ்வெல்லோ வாசிக்கும்போது நமக்கு வேண்டியது இதேதான். பெடலின் மேல்பரப்பு பாதத்தில் பிடிக்க வேண்டும், பாதி வழியில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும், குதிகால் அழுத்தினால் முழுசாக 0, முன்பாதம் அழுத்தினால் முழுசாக 127 வர வேண்டும்.

அதனால் வாங்கும்போது சென்னைக்குப் போக முடிந்தால் போய், அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரி ஒரு கடையில் ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், ஸ்விட்ச் மென்மையானதா கிளிக் அடிப்பதா, இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெறுங்காலுக்கு நெருக்கமான பட்டன்களே போதும். அந்த வகையில் சின்னப் பெட்டிகள் நமக்கு வசதி. டைல்ஸ் தரையில் சின்னப் பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது உண்மை. அதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. ஷூவுக்கு அடியில் ஒட்டுகிற ரப்பர் சோல் ஷீட்டில் ஒரு துண்டு வாங்கி, பெட்டி அளவுக்கு வெட்டி, சொல்யூஷன் போட்டு அடியில் ஒட்டிவிடுங்கள், நகரவே நகராது. எக்ஸ்பிரஷன் பெடலின் மேல் சொரசொரப்பான ஸ்வேட் தோல் துண்டு ஒட்டியிருக்கிறேன். வியர்த்த காலிலும் பிடி விடவில்லை.

இனி இணைப்பு. இங்கேதான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். மிடி பிறந்தது 1983-இல். அந்த ஜனவரியில் அமெரிக்காவின் நாம் (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் நிறுவனத்து சிந்தசைசரும் ககேஹாஷியின் ரோலண்டு சிந்தசைசரும் ஒரு கேபிளில் பேசிக்கொண்டன. போட்டிக் கம்பெனிகள் இரண்டு ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்ட அந்த நாளால்தான் இன்று சீனாவில் செய்த பெடல் ஃபின்லாந்தில் எழுதிய ப்ளக்-இன்னோடு ஆம்பூரில் பேசுகிறது. அந்த ஐந்து முள் வட்ட இணைப்பு வினாடிக்கு 31,250 பிட் வேகம்தான். ஆனால் ஒரு கன்ட்ரோல் சேஞ்ச் செய்தி மூன்றே பைட், போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட் ஆகும். காலுக்கு இது தாராளம்.

பழைய வட்ட இணைப்பு மட்டும் இருக்கிற பெடலை வாங்கினால் உங்கள் இன்டர்ஃபேஸில் மிடி உள்ளீடு இருக்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டில் சோலோவிலும் 2ஐ2-விலும் அது கிடையாது, மூன்றாம் தலைமுறை 4ஐ4-இல் உண்டு. நம் பக்கம் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் வாங்கியிருப்பார்கள். தனியாக ஒரு யூஎஸ்பி மிடி கேபிள் வாங்க வேண்டியிருக்கும். மிக மலிவானதில் பட்டன் செய்திகள் சரியாகப் போய்ச்சேர்ந்துவிடும், ஆனால் பெடலின் செட்டிங் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பும்போது நடுவில் தரவு விட்டுப்போகும். கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள்.

யூஎஸ்பி பெடல் எளிது. டிரைவர் எதுவும் கேட்காத, கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். செருகினால் வேலை செய்யும். கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும். புளூடூத் பெடல் மேக்கிலும் ஐபேடிலும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் புளூடூத் மிடியைப் பல ரெக்கார்டிங் மென்பொருள்கள் நேராகக் காணாது, நடுவில் மிடிபெர்ரி, லூப்மிடி என்று இரண்டு மென்பொருள் ஓட வேண்டியிருக்கும். வாசிக்க உட்காருகிற நேரத்தில் அந்த வேலை எரிச்சல் தரும். புளூடூத்தில் சில மில்லிசெகண்ட் தாமதமும் கூடும். டோன் மாற்ற அது தெரியாது, லூப்பர் மிதிக்கும்போது தெரியும். விண்டோஸ் லேப்டாப்காரர் புளூடூத்தைக் கூடுதல் வசதியாக மட்டும் எண்ணிக்கொண்டு, கம்பி இணைப்பும் உள்ள பெடலையே எடுக்க வேண்டும்.

வட்ட இணைப்புக்கு ஒரு பெரிய புண்ணியம் உண்டு. அதன் உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் இருக்கிறது. செய்தி ஒளியாகத் தாண்டிப் போகிறது, இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று தொடாது. யூஎஸ்பியில் எர்த் தொடும். ஹை கெய்ன் ஆம்ப் போட்டு வாசிக்கும்போது, யூஎஸ்பி பெடலுக்குத் தனி அடாப்டரும் கொடுத்திருந்தால், "ஙொய்" என்ற இரைச்சல் சில வீடுகளில் கூடுவதற்கு இதுதான் காரணம். யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பெடலில் இந்தத் தொல்லை குறைவு.

எர்த் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் வெறுங்காலில் தரையில் நிற்கிறோம், கை தந்தியில், பாதம் உலோகப் பெட்டியில். லேப்டாப் அடாப்டர் இரண்டு முள் என்றால், அல்லது மூன்று முள் இருந்தும் வீட்டில் எர்த் சரியில்லை என்றால், தந்தியில் எறும்பு ஊர்கிற மாதிரி சுருக்கென்று ஒரு உணர்வு வரும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டும்போது அது நின்றால் காரணம் அடாப்டரின் கசிவுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், காலுக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள். பெடலுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது. நேராக மெயின்ஸில் செருகுகிற பெரிய பெடல்களுக்கு எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட் கட்டாயம்.

சரி, எதை வாங்குவது? விலை எழுதவில்லை, இறக்குமதி வரியும் டாலரும் சேர்ந்து அதை அடிக்கடி மாற்றுகின்றன.

பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 எல்லாருக்கும் தெரிந்த பெரிய இரும்புப் பலகை. பத்து ஸ்விட்ச், இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல், நூறு பிரீசெட். இரண்டு பெடலும் சேர்ந்து இந்த விலைக்கு வேறு எதிலும் கிடைப்பது கஷ்டம். ஆனால் யூஎஸ்பி இல்லை, மெயின்ஸ் மின்சாரம் வேண்டும், காலாலேயே புரோகிராம் செய்வது பொறுமையைச் சோதிக்கும். உள்ளே இருக்கும் சிப்பை எடுத்துவிட்டு யூனோ என்ற மாற்றுச் சிப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. போட்டால் ஸ்டாம்ப் பாக்ஸ் போல ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக ஆன், ஆஃப் ஆகும். சின்ன அறையில் இது பாதி தரையைப் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ச்சுகளுக்கு நடுவில் இடைவெளி அகலம் என்பதால் உட்கார்ந்து வாசிக்கிறவருக்குக் கால் எட்டாது. வால்யூமும் வா-வும் ஒரே பாட்டில் வேண்டும் என்பவருக்கு மட்டும் சொல்வேன்.

எம்-வேவ் சாக்லேட் கைக்கு அடக்கமானது. நாலு பட்டன், சார்ஜ் ஏறும் பேட்டரி, புளூடூத்தும் யூஎஸ்பியும். நான் மேலே சொன்ன ரெக்கார்ட், அழி, சுருதி மூன்றும் போக டிரைவுக்கு ஒன்று மிஞ்சும். எக்ஸ்பிரஷன் பெடல் தேவைப்படாதவர் முதல் பெடல் கேட்டால் இதையே காட்டுகிறேன். மெலோ ஆடியோவின் மிடி கமாண்டர் பத்து ஸ்விட்ச்சும் எக்ஸ்பிரஷன் பெடல் செருக இடமும் யூஎஸ்பியும் கொண்டது, நடுத்தர வழி. சிங்கப்பூரிலிருந்து வரும் மார்னிங்ஸ்டார் எம்சி6-இல் ஒவ்வொரு பட்டனின் பெயரும் திரையில் தெரியும், பிரவுசரிலேயே செட்டிங் செய்யலாம். அதில் ஆறு பட்டன்தான், ஆனால் ஒரு பட்டனை அழுத்துவது, நீட்டி அழுத்துவது, இருமுறை அழுத்துவது எல்லாமே வெவ்வேறு வேலைக்கு. விலை கனமானது. வருமானம் வரும் ரெக்கார்டிங் செய்கிறவர் வாங்கினால் வருத்தப்பட மாட்டார்.

தம்பிக்கு என் பதில், ஆறு பட்டனுக்கு மேல் வேண்டாம், ஆனால் எக்ஸ்பிரஷன் ஜாக் கட்டாயம் இருக்கட்டும். பட்டன் குறைந்தால் இன்னொரு பேங்க் போட்டு அதே பட்டன்களுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஜாக் இல்லாத பெட்டியில் பின்னால் பெடல் சேர்க்க முடியாது. அந்தப் பெடல் வாங்கும்போது கவனம்: ஜாக்கின் முனையும் வளையமும் ரோலண்டில் ஒரு மாதிரி, யமஹாவில் வேறு மாதிரி. மாற்றி வாங்கினால் பெடல் பாதியிலேயே துள்ளும், முழு அளவுக்கும் நகராது. எம்-ஆடியோ இஎக்ஸ்-பி பெடலின் அடியில் இதை மாற்ற ஒரு ஸ்விட்ச்சே வைத்திருக்கிறார்கள்.

கையால் செய்யப் பிடிக்கும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மனசுக்கு நெருக்கமானதும் அதுதான். நம் ஊர் ரயில் ஒரு பக்கம் சென்னை ரிட்சி தெருவுக்கும் இன்னொரு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கும் போகிறது. ஆர்டுயினோ புரோ மைக்ரோ ஒன்று வாங்குங்கள். 32யூ4 சிப் உள்ளதுதான் வேண்டும், அது தானே யூஎஸ்பி மிடிக் கருவியாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சாதாரண ஊனோ அப்படித் தெரியாது. ஸ்விட்ச் கேட்கும்போது மொமென்டரி என்று அழுத்திச் சொல்லுங்கள். கிதார் பெடல்களுக்குப் போடுகிற அழுத்தினால் அப்படியே நிற்கும் வகையைக் கொடுத்துவிடுவார்கள். கிளிக் அடிக்காத மென்மையான ரகம் வெறுங்காலுக்கு இதமாக இருக்கும். ஸ்விட்ச்சின் ஒரு கால் போர்டின் ஒரு முள்ளுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. உள்ளே இருக்கும் புல்-அப்பை ஆன் செய்தால் ரெசிஸ்டர்கூட வேண்டாம். ஸ்விட்ச் ஒருமுறை மிதிக்கும்போது உள்ளே உலோகம் சில மில்லிசெகண்ட் துள்ளி நாலைந்து தடவை பதியும், அதைப் புரோகிராமிலேயே வடிகட்டிவிடுங்கள். மூடி மரத்தில் செய்து மேலே தோல் இழுத்து ஒட்டினால், உலோகம் பாதத்தில் படாது, எர்த் பயமும் குறையும்.

எந்தப் பெடலானாலும் மென்பொருளில் கட்டும்போது ஒரு தேர்வு வரும். புரோகிராம் சேஞ்ச் அனுப்பினால் பிரீசெட் முழுசாக மாறும், புது ஆம்ப் ஏறுகிற நேரத்தில் ஒலி ஒரு நொடி அறுந்துபோகலாம். பாட்டின் நடுவில் அது வேண்டாம். வேண்டிய எஃபெக்ட் எல்லாம் ஒரே பிரீசெட்டில் ஏற்றிவைத்து, ஒவ்வொன்றையும் கன்ட்ரோல் சேஞ்ச் மூலம் ஆன், ஆஃப் செய்யுங்கள், டிலேயின் வால்கூட அறுபடாது. டிரைவுக்கு அழுத்த அழுத்த மாறும் டாகிள், ரெக்கார்டுக்கு மொமென்டரி. மவுஸால் திரையில் மாற்றினால் பெடலின் விளக்கு அதை அறியாமல் பழையபடியே எரியும் என்பதால், காலுக்குக் கொடுத்ததைக் கையால் தொடாமல் இருப்பது நல்லது.

பழைய பெடலைக் கைமாற்றாக வாங்கப் போகிறவர் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து ஒவ்வொரு பட்டனையும் மிதித்து, ஒரு மிதிக்கு ஒரு செய்திதான் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வந்தால் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. எக்ஸ்பிரஷன் பெடலைக் குதிகாலிலிருந்து முன்பாதம்வரை மெதுவாகத் தள்ளுங்கள். எண்கள் 0-இலிருந்து 127 வரை தாவாமல் ஏற வேண்டும், நடுவில் நிறுத்தினால் எண் நடுங்கக் கூடாது. நடுங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றுவது ஊரிலேயே ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் செய்துவிடக்கூடிய வேலைதான்.